நான்கு கிருமிகளில் எதற்கு முதலில் தடுப்பூசி?

என் தங்கையின் மகள் நுண்ணுயிரியலில் முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வில் சேர இருக்கிறாள். பாக்டீரியாத் தொற்றுகளுக்கான தடுப்பூசி ஆராய்ச்சிதான் தன் துறை என்பதை முடிவு செய்துவிட்டாள். எந்தக் கிருமி என்பதில்தான் அவளுக்குக் குழப்பம். ஐப்பசி மழை நாளொன்றில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவள், நான்கு பெயர்கள் எழுதிய தாளை என் முன் வைத்து, "பெரியம்மா, முப்பது வருஷமா இந்தக் கிருமிங்களைத் தினமும் பாத்தவங்க நீங்க, எது சரியா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை, ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கிளெப்சியெல்லா என்பவையே அந்த நான்கு பெயர்கள். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் பாக்டீரியா ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்பராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி உருவாக்கியவள் அல்ல. அன்று வாய்மொழியாகச் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்காததால், பிறகு படித்தும் யோசித்தும் தேறியதை எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்ற மாணவர்களுக்கும், ஆராய்ச்சிக்கான பொதுப்பணம் எங்கே செலவாக வேண்டும் என்று அக்கறைப்படுவோருக்கும் இது உதவக்கூடும்.

அவளுடைய தாளில் டைஃபாய்டும் காலராவும் நிமோகாக்கஸும் இல்லாதது சரியே. அவற்றுக்குத் தடுப்பூசி ஏற்கெனவே இருக்கிறது. அங்கே மீதமுள்ள வேலை பெரும்பாலும் கொண்டு சேர்ப்பதும் நீரைத் தூய்மையாக வைப்பதும்தான். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்து இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்டு ஒரு பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மழைக்குப் பின் வயலில் இறங்குவோரைப் பிடிக்கும் எலிக்காய்ச்சலும் எங்கள் பகுதிக்கு முக்கியமானதுதான். ஆனால் அதன் கிருமியில் 250-க்கும் மேற்பட்ட உட்பிரிவுகள் இருப்பதாலும், ஒரு பிரிவுக்கு எதிரான பாதுகாப்பு மற்றதற்கு அரிதாகவே உதவுவதாலும், அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

நான்கையும் எடைபோடுவதற்கு முன், வெற்றி பெற்ற தடுப்பூசிகள் எதனால் வெற்றி பெற்றன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் அதுவே நம் கையில் உள்ள தராசு. பல பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன மேலுறை ஒன்றைப் போர்த்தியிருக்கின்றன. அந்தச் சர்க்கரையை மட்டும் ஊசியில் கொடுத்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் அதைச் சரியாகக் கண்டுகொள்வதில்லை. பெரியவர்களிடம் உண்டாகும் எதிர்ப்பும் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடுகிறது. சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் நிலைமை மாறும் என்பதை ஏவரியும் கீபெலும் 1929-லேயே காட்டிவிட்டார்கள். ஆனாலும் அந்த அறிவு குழந்தைகளுக்கான தடுப்பூசியாக மாற 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது வந்த ஹிப் இணைப்புத் தடுப்பூசி, குழந்தைகளின் மூளைக்காய்ச்சலுக்கு முக்கியக் காரணமாக இருந்த ஒரு கிருமியைப் பல நாடுகளில் ஏறத்தாழ இல்லாமலே ஆக்கியது. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாடும் கேரளமும் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியில் அதைச் சேர்த்து அரசுத் திட்டத்தின் வழியே போடத் தொடங்கின. டைஃபாய்டும் இதே வழியில் பணிந்தது. ஹைதராபாத்தில் உருவான இணைப்புத் தடுப்பூசி 2013-ல் இந்தியாவில் உரிமம் பெற்றது. பின்னர் நேபாளம், மலாவி, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில் நடந்த பெரிய சோதனைகளிலும் ஒற்றை ஊசி ஏறத்தாழ 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதுகாத்தது.

இந்த இரு வெற்றிகளிலும் பொதுவான சில நிலைமைகள் இருந்தன. ஹிப் கிருமியில் ஆறு மேலுறை வகைகள் இருந்தாலும் கடும் நோயைத் தந்தது பெரும்பாலும் பி வகை ஒன்றுதான். டைஃபாய்டு கிருமிக்கு மேலுறையே ஒரே வகை. இரண்டிலுமே, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் போதிய அளவில் இருந்தால் நோய் பெருமளவு தடுக்கப்படும். ஊசி போடப்படும் குழந்தை பெரும்பாலும் அந்தக் கிருமியை அதுவரை சந்தித்திராத குழந்தை. நோய் போதிய அளவு பரவலாக இருந்ததால், ஊசி பயன் தருகிறதா என்பதைச் சில ஆண்டுகளில் அளந்துவிடவும் முடிந்தது. எத்தனை முகங்கள், எதிர்ப்பொருள் போதுமா, கிருமி நமக்கு அந்நியமா பழகியதா, பயனை அளக்க முடியுமா என்னும் இந்த நான்கு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவளுடைய தாளைப் படித்தேன். ஒரு கிருமி எவ்வளவு பரவலானது என்பதை நான் முதல் கேள்வியாக வைக்கவில்லை. பரவலாக இருப்பதே சில கிருமிகளில் தடுப்பூசிக்குத் தடையாகிவிடுகிறது.

ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அதற்குச் சரியான சான்று. அறுவைச் சிகிச்சைப் புண்ணில் வைக்கும் சீழ், சர்க்கரை நோயாளியின் காலில் கிளம்பும் கட்டி, டயாலிசிஸ் நோயாளியின் இரத்தத் தொற்று என்று எங்கள் மேசைக்கு நாள்தோறும் வந்தது இது. பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இதை மூக்கினுள் எந்தத் தொல்லையும் இன்றிச் சுமந்துகொண்டிருக்கிறார். இதற்கொரு தடுப்பூசி கிடைத்தால் எத்தனை கால்கள் வெட்டப்படாமல் தப்பும் என்பதை எண்ணிப் பார்த்தால், என் தங்கை மகள் இதைத் தாளில் முதலாவதாக எழுதியதன் காரணம் புரிகிறது. ஆனால் முயற்சிகளின் வரலாறு கசப்பானது. இரண்டு மேலுறைச் சர்க்கரைகளைக் கொண்டு டயாலிசிஸ் நோயாளிகளுக்காக உருவான முதல் பெரிய முயற்சி 2005-ல் இறுதிக்கட்டச் சோதனையில் தோற்றது. நான்கு கூறுகளைச் சேர்த்து, முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோரிடம் சோதிக்கப்பட்ட மற்றொன்று, பயனில்லை எனத் தெரிந்து 2018-ல் நிறுத்தப்பட்டது.

இடையில் நடந்ததுதான் என்னை மிகவும் நிதானிக்க வைக்கிறது. கிருமி இரும்புச் சத்தைப் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் ஒரு புரதத்தை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசி, இதய, மார்பு அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஏறத்தாழ 8,000 பேரிடம் சோதிக்கப்பட்டது. அது தொற்றைத் தடுக்கவில்லை என்பதோடு, போட்டுக்கொண்ட பின் தொற்றுக்கு ஆளானவர்கள், போலி ஊசி பெற்றுத் தொற்றுக்கு ஆளானவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். 2011-ல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. எலிகளில் நன்றாக வேலை செய்த தடுப்பூசி மனிதர்களிடம் ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குப் பின்னர் நடந்த ஆய்வுகள் ஒரு விளக்கம் தருகின்றன. ஆய்வுக்கூட எலி இக்கிருமியை முன்பு சந்தித்திராதது. மனிதனோ பிறந்த சில வாரங்களிலிருந்தே இதனோடு வாழ்பவன். பழகிய காலத்தில் கிருமி நம் உடலுக்குப் பயனற்ற எதிர்ப்பைக் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறது. தடுப்பூசி வந்து தட்டும்போது அந்தப் பழைய, பயனற்ற நினைவுதான் முதலில் விழித்துக்கொள்கிறது. முன்கூட்டியே கிருமியைச் சந்திக்க வைத்த எலிகளில் அதே புரதத் தடுப்பூசி தோற்றுப்போனது இதற்கு வலுவான சான்று. போதாக்குறைக்கு, எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றித் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளும் 'புரதம் ஏ' என்ற ஒன்றையும் இக்கிருமி வைத்திருக்கிறது. ஆக, எதிர்ப்பொருள் போதுமா என்ற கேள்விக்கும், அந்நியமா பழகியதா என்ற கேள்விக்கும் ஒருசேரப் பாதகமான விடை தரும் கிருமி இது. இதில் உழைக்க ஆட்கள் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஐந்தாண்டுக்குள் ஒரு மாணவி தன் கையால் தொட்டு முன்னகர்த்தக்கூடிய பொருள் இதில் இப்போது குறைவு என்றே கருதுகிறேன்.

ஈ. கோலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெண்களில் பாதிப் பேருக்கு மேல் வாழ்நாளில் ஒருமுறையேனும் வரும் சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. சிறுநீர்க் கல்ச்சர் பிளேட்டில் இது வளர்வதைப் பார்ப்பதைவிட, அடுத்த நாள் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று காட்டும் சென்சிடிவிட்டி முடிவைப் பார்ப்பது என் பணிக்காலத்தின் பிற்பகுதியில் வருத்தம் தருவதாக மாறியது. மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய மருந்துகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து கழன்றன. ஆகவே தேவையில் ஐயமில்லை. ஆனால் இக்கிருமி ஒவ்வொருவர் குடலிலும் குடியிருப்பது, இதன் வெளிப்புறச் சர்க்கரையில் 180-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. கடும் நோய் தரும் வகைகளில் ஒன்றின் மேலுறை நம் நரம்புத் திசுவின் சர்க்கரையை ஒத்திருப்பதால் அதைத் தடுப்பூசியில் பயன்படுத்தவும் தயக்கம் உண்டு. ஒன்பது வகைகளைச் சேர்த்து, 60 வயதைக் கடந்தவர்களின் இரத்தத் தொற்றைத் தடுப்பதற்காக நடந்த பெரிய சோதனை 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. ஊசி போதிய பலன் தரவில்லை. எதிர்ப்பொருள் உண்டானது, நோய் நிற்கவில்லை. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் கிருமி ஒட்டிக்கொள்ளும் கொக்கியைத் தாக்குவது, நாவின் கீழ்த் தெளிக்கும் மருந்தால் அந்த இடத்திலேயே எதிர்ப்பை வளர்ப்பது போன்ற வேறு வழிகளில் சிலர் முயன்றுவருகிறார்கள். அவை கவனித்துப் பார்க்க வேண்டியவை என்பதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான். அவற்றில் முதலாவதான ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என் மனத்துக்கு நெருக்கமானது. ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைக்குத் தொண்டை வலி வருகிறது. பெற்றோர் கஷாயம் கொடுக்கிறார்கள், நான்கு நாளில் சரியாகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்குகிறது, பிறகு கணுக்கால், பிறகு மூச்சு வாங்குகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பு, ஆளை மாற்றி இதய வால்வைத் தாக்கிவிடுகிறது. அதன் பின் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. விழுப்புரம், கடலூர் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து ஜிப்மருக்கும் பிற மருத்துவமனைகளுக்கும் அதிகாலைப் பேருந்து பிடித்து வரும் இளம்பெண்களில், முதல் கர்ப்பத்தின்போதுதான் தமக்கு வால்வு சுருங்கியிருப்பதை அறிந்தவர்கள் உண்டு. உலகில் ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வகை இதய நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதில் இந்தியாவின் பங்கு மிகப் பெரியது. 2018-ல் உலகச் சுகாதாரப் பேரவை இதற்காகத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது.

இந்தக் கிருமி இன்னமும் பென்சிலினுக்குக் கட்டுப்படுகிறது. எட்டுப் பத்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்னும், பென்சிலினை முழுமையாக எதிர்த்து நின்ற இவ்வகைக் கிருமி எந்த நோயாளியிடமும் உறுதி செய்யப்படவில்லை. ஆகவே இங்கே சாவுக்குக் காரணம் மருந்து தோற்றது அல்ல. தொண்டை வலியை யாரும் பொருட்படுத்தாததும், ஊசி தொடராமல் விட்டுப்போவதும்தான். அப்படியானால் தடுப்பூசி தேவையா என்று கேட்கலாம். தேவை என்பதே என் பதில், ஏனெனில் பல ஆண்டுகள் மாதந்தோறும் வலிக்கும் ஊசியைக் கூலி வேலை செய்யும் குடும்பம் தவறாமல் போட்டுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆனால் இந்த வழியில் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில், ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களின் உடன்பிறந்த 21 குழந்தைகளுக்கு இக்கிருமியின் மேற்பரப்பில் உள்ள எம் புரதத்திலிருந்து செய்த ஊசி போடப்பட்டது. அவர்களில் இருவருக்கு ருமாட்டிக் காய்ச்சல் உறுதியாகவும் ஒருவருக்குப் பெரும்பாலும் அதுவே எனவும் கண்டறியப்பட்டது. எதைத் தடுக்க ஊசி போடப்பட்டதோ அதையே அது தூண்டியிருக்கக்கூடும் என்ற அச்சத்தில் 1979-ல் அந்நாட்டு அரசு இக்கிருமியின் பொருள்களை ஊசியில் பயன்படுத்தத் தடை விதித்தது; 2006-ல்தான் அந்தத் தடை விலக்கப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை ஆராய்ச்சி நின்றுபோயிருந்தது. இன்றைய வடிவமைப்புகள் இதயத் திசுவை ஒத்த பகுதிகளை வெட்டி நீக்கிவிட்டே தொடங்குகின்றன. எனினும் எம் புரதத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. முப்பது வகைகளைக் கோத்த ஒரு தடுப்பூசி பெரும்பாலும் வட அமெரிக்காவில் கிடைத்த வகைகளைப் பார்த்துத் திட்டமிடப்பட்டது. நம் போன்ற நாடுகளில் வகைகள் மேலும் சிதறிக் கிடப்பதால் அதே கோவை இங்கே அத்தனை பேரைக் காக்காது. எல்லா வகைக்கும் பொதுவான புரதங்களைப் பிடிப்பதுதான் அடுத்த வழி. அதற்கு இன்னும் நீண்ட அடிப்படை ஆய்வு வேண்டும்.

அளப்பதிலும் சிக்கல் இருக்கிறது. இதய நோயைத் தடுக்கிறதா என்று காட்டப் பல ஆண்டுகளும் பல்லாயிரம் குழந்தைகளும் வேண்டும் என்பதால், தொண்டை வலியைத் தடுக்கிறதா என்பதைத்தான் முதலில் அளக்க முடியும். ஆஸ்திரேலியாவில் நலமான இளைஞர்கள் முன்வந்து தம் தொண்டையில் கிருமியைத் தடவிக்கொண்டு நடத்தப்பட்ட சோதனை அந்த அளவீட்டுக்கு ஓர் அடித்தளம் இட்டிருக்கிறது. ஆயினும் தொண்டை வலி குறைந்தால் இதயமும் தப்பும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதானே ஒழிய நிறுவப்பட்டதல்ல.

கிளெப்சியெல்லாவை நான் முதன்முதலில் அறிந்தது அதன் பிசுபிசுப்பால். கிருமி வளர்க்கும் மெக்காங்கி பிளேட்டில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒன்றோடொன்று வழிந்து சேரும் திரட்டுகள். அவற்றில் சிலவற்றை லூப்பால் தொட்டு மேலே தூக்கினால் ஜவ்வுமிட்டாய் போல நூல் இழுபடும். அந்த நூல் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீண்டால் குறித்துக்கொள்வோம். அந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம் அதன் தடித்த மேலுறைதான். தடுப்பூசிக்கான இலக்கும் அதுவே. பச்சிளங்குழந்தைகள் பிரிவிலிருந்து வரும் இரத்தக் கல்ச்சர் புட்டிகளில் இது வளரும்போது, அறிக்கை எழுதுவதற்கு முன்பே மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவோம். சென்சிடிவிட்டி தட்டில் வட்டவட்டமாக வைத்த மருந்துகளைச் சுற்றி எங்கும் வெற்றிடம் விழாமல், கிருமி ஒரே பாயாகப் படர்ந்திருந்த நாட்கள் என் கடைசிப் பத்தாண்டில் அரிதாக இல்லை. டெல்லியில் மூன்று மருத்துவமனைகளில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு, பச்சிளங்குழந்தைகளின் இரத்தத் தொற்றில் அசினிடோபாக்டர் என்ற மற்றொரு கிருமி 22 விழுக்காடும் கிளெப்சியெல்லா 17 விழுக்காடும் இருப்பதைக் காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட முன்னுரிமைக் கிருமிகளின் தரவரிசையில், கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளான கார்பாபெனெம் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா முதலிடத்தில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பென்சிலின் இருக்கிறது. இதற்கு என்ன மிச்சமிருக்கிறது என்ற கேள்வி என் தீர்மானத்தில் பெரும்பங்கு வகிக்கிறது.

இங்கே தடுப்பூசி போட வேண்டியது குழந்தைக்கு அல்ல, தாய்க்கு. பிறந்து மூன்றாம் நாள் நோய்வாய்ப்படும் குழந்தைக்கு ஊசி போட்டு எதிர்ப்பு வளரும்வரை காத்திருக்க நேரமில்லை. தாயின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் தாயைவிடவும் அதிகமாக இருப்பதுண்டு. நம் ஊரில் இது புதிய கருத்தும் அல்ல. கர்ப்பிணிகளுக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரண ஜன்னிக்கு எதிராகப் போடும் டி.டி. ஊசி இதே தத்துவத்தில் இயங்குவதுதான். தொப்புள்கொடி வழியே பிடிக்கும் ரண ஜன்னியால் குழந்தைகள் இறந்த காலத்தை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்; தாய்க்கும் சேய்க்கும் வரும் அந்த நோயை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் சான்றளிக்கப்பட்டது. ஊசியைக் கொண்டு சேர்க்கும் வழியும், அதை நம்பி ஏற்கும் தாய்மாரும், கிராமச் சுகாதாரச் செவிலியரின் பதிவேடும் ஏற்கெனவே இருக்கின்றன. வேறெந்தக் கிருமிக்கும் இப்படித் தயாராகப் போட்டு வைத்த பாதை இல்லை.

மற்ற கேள்விகளுக்கான விடையும் ஓரளவு சாதகமானது. பச்சிளங்குழந்தை இக்கிருமியோடு இன்னும் பழகியிருக்கவில்லை. தாயின் குடலில் அது இருந்தாலும், குழந்தைக்குச் செல்லும் எதிர்ப்பொருள் தரமானதாக இருந்தால் போதும். ஸ்டாஃபைலோகாக்கஸில் கண்ட பழைய நினைவுச் சிக்கல் குழந்தையின் பக்கத்தில் எழாது. இரத்தத்தில் புகுந்த மேலுறைக் கிருமியை எதிர்ப்பொருள் கொண்டு அழிப்பது, ஹிப்பிலும் நிமோகாக்கஸிலும் நிறுவப்பட்ட வழி. முகங்களின் எண்ணிக்கைதான் இடறல். மரபான கணக்கில் 77 மேலுறை வகைகள் உள்ளன. மரபணு ஆய்வுகள் அதை இன்னும் கூட்டிவிட்டன. 1980-களில் 24 மேலுறைச் சர்க்கரைகளைச் சேர்த்த தடுப்பூசி ஒன்று மனிதர்களுக்குப் போடப்பட்டு, பாதுகாப்பானது எனத் தெரிந்தும் பயன்பாட்டுக்கு வராமலே போயிற்று. அப்போது மருந்துகள் வேலை செய்துகொண்டிருந்தன. மேலுறைக்கு அடியில் உள்ள ஓ சர்க்கரையில் வகைகள் ஒரு டஜன் அளவிலேதான். அவற்றில் சிலவே பெரும்பாலான நோய்க்குக் காரணம். ஆனால் தடித்த மேலுறை அந்த ஓ சர்க்கரையை மறைத்துவிட்டால் எதிர்ப்பொருள் அதை எட்டுமா என்பது இன்னும் தீராத வாதம். பல வகைகளின் மேலுறையைக் கோப்பதா, சில வகைகளே உள்ள ஓ சர்க்கரையைக் குறிவைப்பதா என்பதே இத்துறையின் உள்ளே இருக்கும் தேர்வு, அதில் ஒரு மாணவியின் ஐந்தாண்டு உழைப்புக்கு நேரடி மதிப்பு உண்டு.

இதற்கு எதிரான வாதங்களை மறைக்க எனக்கு விருப்பமில்லை. முதலாவது, மிக அதிகமாக ஆபத்தில் இருப்பவை குறைமாதக் குழந்தைகள். எதிர்ப்பொருள் கடைசி மாதங்களில்தான் அதிகம் கடப்பதால் ஏழு மாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கிடைப்பது குறைவு. ஊசியைச் சற்று முன்னதாகப் போடுவது இதை ஓரளவு ஈடுகட்டலாம், முழுமையாக அல்ல. இரண்டாவது, இது பெரும்பாலும் மருத்துவமனையில் பிடிக்கும் தொற்று. கை கழுவுதல், ஒரு கட்டிலுக்கு ஒரு குழந்தை, தூய்மையான சலைன், போதிய செவிலியர் ஆகியவை இருந்தால் பாதி வழக்குகள் வராமலே போகும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதை நானும் ஏற்கிறேன். தடுப்பூசி வந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி அந்தச் செலவைத் தள்ளிப்போடும் நிர்வாகம் உருவாகிவிடக் கூடாது என்ற கவலையும் எனக்கு உண்டு. மூன்றாவது, கிளெப்சியெல்லாவைத் தடுத்தாலும் அந்த டெல்லி ஆய்வில் முன்னிலையில் இருந்த அசினிடோபாக்டர் அப்படியே நிற்கும். இவற்றையெல்லாம் தட்டில் வைத்த பிறகும், மருந்து தீர்ந்துவரும் கிருமி, எட்டக்கூடிய இலக்கு, தயாராக இருக்கும் பாதை என்ற மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. உலக அளவில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்கள் நேரடியாக 12.7 இலட்சம் உயிர்களைப் பறித்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. புதிய ஆன்டிபயாடிக் வரும் வேகத்தைப் பார்த்தால் காத்திருப்பதற்கு நியாயம் இல்லை.

ஆகவே என் வரிசை கிளெப்சியெல்லா, ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ. கோலை, ஸ்டாஃபைலோகாக்கஸ். முதல் இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சிறியது. நோய் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் புதிரில் அவளுக்கு உள்ளார்ந்த ஈடுபாடு இருந்து, பதினைந்து ஆண்டு பொறுமையும் இருந்தால், இரண்டாவதை எடுத்தாலும் நான் மகிழ்ச்சியோடு வாழ்த்துவேன். வால்வு சுருங்கிய இளம்பெண்களின் முகங்களை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை.

எந்த முடிவானாலும், இரண்டுக்கும் பொதுவான ஒரு வேலை இங்கே, இந்தக் கடற்கரையில் காத்திருக்கிறது. எந்த மேலுறை வகை, எந்த ஓ வகை, எந்த எம் வகை நம் குழந்தைகளிடம் உலவுகிறது என்பது தெரியாமல், நமக்கான தடுப்பூசியின் கலவையை யாராலும் எழுத முடியாது. நம் கணக்கு இல்லாவிட்டால் வேறு நாட்டுக் கணக்கின்படிதான் கலவை அமையும், முப்பது வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஊசிக்கு நேர்ந்தது போல. இதை நான் மனவருத்தத்தோடு எழுதுகிறேன். நான் பணிபுரிந்த ஆய்வுக்கூடத்தில் அறிக்கை கையெழுத்தாகிச் சென்றதும் பிளேட்டுகளை ஆட்டோகிளேவில் அவித்துக் கொட்டிவிடுவது வழக்கம். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்கு இடமில்லை என்றார்கள். மின்சாரம் நின்றால் யார் பொறுப்பு என்றார்கள். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்திலிருந்து நாங்கள் வளர்த்தெடுத்த நூற்றுக்கணக்கான கிளெப்சியெல்லாக்கள் அப்படித்தான் போயின. கிளிசரால் கலந்த ஒரு சிறு குழாயில் ஒரு துளி, அதன் மேல் ஒரு எண், ஒரு தேதி. அவ்வளவு செய்திருந்தால் இன்று அந்தக் குழாய்களைத் திறந்து முப்பது ஆண்டுகளில் வகைகள் எப்படி மாறின என்று பார்த்திருக்கலாம்.

இதை அவளிடம் சொன்னபோது, தான் விண்ணப்பிக்க நினைக்கும் ஆய்வுக்குழுவில் உறைபெட்டி இருக்கிறதா என்று அன்றிரவே கேட்டு எழுதினாள். கிருமியோடு சேர்த்துத் தாயின் இரத்தமும், அதே பிரசவத்தின் தொப்புள்கொடி இரத்தமும் இணையாகச் சேகரிக்க ஒப்புதல் கிடைக்குமா என்பதையும் கேட்கச் சொன்னேன். நோய்வாய்ப்பட்ட குழந்தைக்கும் தப்பிய குழந்தைக்கும் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளில் எவ்வளவு வேறுபாடு இருந்தது என்பது தெரிந்தால்தான், எவ்வளவு போதும் என்ற அளவுகோல் பிறக்கும். முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்திருக்கிறது. இரண்டாவதற்கு நெறிமுறைக் குழுவின் முடிவை எதிர்பார்த்திருக்கிறாள்.